காலை ஆறு மணி இலாகாவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: எக்ஸ்எல் வண்டி, டிராக்டர், ஷேர் ஆட்டோ, சிலிண்டர் வைத்திருப்போர், சாலவாக்கம், உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்: பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம், புது தில்லி.

பொருள்: விலையைக் குறைக்கச் சொல்லி அல்ல, கணக்குக் கேட்டு.

ஐயா,

சாலவாக்கம் எங்கே இருக்கிறது என்று தங்கள் அலுவலகத்தில் யாரும் தேட வேண்டாம். உத்திரமேரூர் என்றால் தில்லியில் தெரியும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். சோழர் காலத்திலேயே ஜனநாயகம் இருந்ததற்கு அது சாட்சி என்றார். அந்த உத்திரமேரூர் வட்டத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஏரி உண்டு, நெல் உண்டு, சுற்றிலும் கல்குவாரி உண்டு. வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஒரகடம், மறைமலை நகர்ப் பக்கம் போகிறார்கள். எதற்கும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும் என்கிற ஊர். அதனால் தங்கள் இலாகாவோடு எங்களுக்குத் தினசரி பழக்கம்.

முதலில் ஒரு பாராட்டு. நாட்டில் எந்த அரசு அலுவலகமும் காலை ஆறு மணிக்குத் திறப்பதில்லை. தங்கள் விலை மட்டும் 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு டாண் என்று வந்து நிற்கிறது. அதற்கு முன் மாதத்தில் இரண்டு நாள்தான், ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும். உலகச் சந்தையோடு விலை தினமும் கை கோத்து நடந்தால் நுகர்வோருக்கு நல்லது, இறங்கினால் அன்றைக்கே இறங்கும் என்றார்கள். அதற்கும் முன்னால் 2010 ஜூனில் பெட்ரோலையும் 2014 அக்டோபரில் டீசலையும் சந்தையிடம் ஒப்படைத்தாகிவிட்டது. இனிமேல் அரசாங்கத்துக்கு இதில் கையே இல்லை, எல்லாம் சந்தை என்றார்கள். நாங்களும் நம்பினோம். எங்களுக்குத் தெரிந்த சந்தை வாரச் சந்தைதான். அங்கே தக்காளி வரத்து அதிகமானால் மாலைக்குள் விலை விழும். ஆறு மணிக்கு மேல் கூடையோடு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

தங்கள் சந்தையின் குணம் வேறு. 2014 நடுவில் கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே போனது. அந்தச் சரிவு எங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்குக்கு வந்து சேரவில்லை. வழியிலேயே அதை இறக்கிவைத்துக்கொண்டார்கள். 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் கலால் வரி ஒன்பது முறை ஏறியது. பிறகு 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. வாங்கிக்கொள்கிறவனுக்கு விற்கிறவன் பணம் தர வேண்டிய நிலை. அப்போது நாங்கள் ஊரடங்கில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பெட்ரோல் போடுகிறவனுக்கும் கையில் இருபது முப்பது தருவார்களோ என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. மே மாதம் வந்தது. தாங்கள் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரி ஏற்றினீர்கள். அதே மாதம் சென்னையும் சும்மா இருக்கவில்லை, பெட்ரோலுக்கு 3.25, டீசலுக்கு 2.50 ரூபாய் மதிப்புக் கூட்டு வரியை ஏற்றியது. 2014-இல் லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்த பெட்ரோல் கலால் வரி கடைசியில் 33 ரூபாயைத் தொட்டது. 3.56 ரூபாயாக இருந்த டீசல் வரி 32 ரூபாயைத் தொட்டது. உலகச் சந்தை ஏறினால் அது உலகச் சந்தை, இறங்கினால் அது தங்கள் கஜானா. இந்த ஏற்பாட்டில் சந்தை எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

இந்தச் சந்தைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தேர்தல் வந்தால் லீவு போட்டுவிடும். 2018-இல் கர்நாடகத்தில் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் 19 நாள் லீவு. 2021-இல் எங்கள் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கத் தேர்தல்களின்போது பிப்ரவரிக் கடைசியில் படுத்த விலை, நடுவில் சில பைசா இறங்கியதோடு சரி. மே 2 அன்று ஓட்டு எண்ணினார்கள், மே 4 அன்று விலை எழுந்து உட்கார்ந்தது. ஜூலை 2 அன்று சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. பங்கில் இரண்டு இலக்கத்துக்கே வாங்கிவைத்த பழைய மெஷின்கள் திண்டாடிய கதைகள் அந்த வருஷம் நாடு முழுக்கக் கேட்டன. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது உத்தரப் பிரதேசத் தேர்தல் லீவு. 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை 137 நாள். நடுவில் பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் மூண்டது, கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியது. எங்கள் ஊர் விலைப் பலகை மட்டும் அசையவில்லை. மார்ச் 10-இல் முடிவு வந்தது. 22-ஆம் தேதி லீவு முடிந்து வந்த சந்தை, ஏப்ரல் 6-க்குள் 14 முறை ஏறி 10 ரூபாய் வசூல் பண்ணிவிட்டது. வேலையில் விட்ட பாக்கியை இவ்வளவு ஒழுங்காக முடித்துக்கொடுக்கிற ஊழியர் எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில்கூட இல்லை.

இங்கேதான் எங்கள் முதல் கோரிக்கை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிற குடவோலை முறையைத் தில்லி இவ்வளவு புகழ்கிறதே, அதில் ஒரு விதியைக் கவனித்தீர்களா? ஊர்ச் சபையின் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 360 நாள். வருஷா வருஷம் ஓலை எழுதிக் குடத்தில் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதாவது ஒவ்வொரு வருஷமும் தேர்தல். தேர்தலுக்கு இத்தனை நாள் லீவு என்ற தங்கள் கணக்கை இதில் பொருத்திப் பார்த்தால், உத்தரப் பிரதேச அளவு வைத்துக்கொண்டால்கூட வருஷத்தில் நாலரை மாதம் விலை ஏறாது. மாநிலத்துக்கு மாநிலம் தேதியை மாற்றி வைத்தால் பன்னிரண்டு மாதமும் ஏறாது. ஆனால் 2024 டிசம்பரில் 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' மசோதாவை மக்களவையில் கொண்டுவந்திருக்கிறார்கள். தேர்தல் செலவு மிச்சமாகும் என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். அவர்களுக்கு மிச்சம். எங்களுக்கு ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு லீவுதான் மிஞ்சும். இந்த மசோதா பற்றித் தங்கள் அமைச்சகத்தின் கருத்தைக் கேட்டால், சாலவாக்கம் ஆட்சேபம் தெரிவிக்கிறது என்று சேர்த்துக்கொள்ளவும்.

இரண்டாவது, கணக்கு. எங்கள் பக்கத்துப் பங்குகளில் ஒரு மரியாதை உண்டு. துப்பாக்கியை டேங்குக்குள் விடுவதற்கு முன் அந்தப் பையன், "ஜீரோ பாத்துக்கோங்கண்ணா" என்பான். நாம் குனிந்து மெஷினில் சைபர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் மறுபடியும் சொல்வான். சொல்லாமல் போட்டால் சண்டை வரும் என்று அவனுக்குத் தெரியும். மாதச் சம்பளத்துக்கு வெயிலில் நிற்கிற பையன் காட்டுகிற இந்த ஜீரோவைத் தங்களிடம் நாங்கள் பார்த்ததே இல்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, யார் பங்கு எவ்வளவு என்று எங்கள் பில்லில் இருப்பதில்லை. அம்பது ரூபாய்க்குப் பரோட்டா சாப்பிட்டால்கூட ஜி.எஸ்.டி. தனியாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். நூறு ரூபாய்க்கு எக்ஸ்எல்லுக்குப் போட்டால் அளவும் தொகையும்தான்.

எனவே நாங்களே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2025 ஏப்ரலில் ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்தியக் கலால் மட்டும் 21.90 ரூபாய் இருந்தது. இதில் அடிப்படைக் கலால் 1.40. மீதியெல்லாம் சிறப்புக் கூடுதல் வரி, சாலை வரி, வேளாண் உள்கட்டமைப்பு வரி. மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியது அந்த 1.40-ஐ மட்டும்தான், மற்றதற்கெல்லாம் வேறு பெயர் வைத்ததால் பகிர வேண்டியதில்லை. 15-ஆவது நிதிக்குழு சொன்ன 41 சதவீதம் என்றால் 57 பைசா. அதில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு நான்கு சொச்சம். ஆக, அப்போது எங்கள் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டால் தாங்கள் 21.90 எடுத்துக்கொண்டு, அந்தப் பங்கீட்டில் எங்கள் மாநிலத்துக்குத் திருப்பித் தந்தது இரண்டே கால் பைசா சொச்சம். இரண்டே கால் பைசாவுக்கு இன்று நாணயமே கிடையாது. இதில் நாங்கள் சொல்வது எதுவும் மிகையில்லை. 2020-21-இல் பெட்ரோல், டீசல் கலால் வரியில் 3.72 லட்சம் கோடி வசூலித்து மாநிலங்களுக்கு 19,972 கோடி கொடுத்ததாக நாடாளுமன்றத்தில் தில்லியே சொன்ன கணக்கு இருக்கிறது. 2021 ஆகஸ்டில்தான், முந்தைய ஆட்சி வெளியிட்ட 1.44 லட்சம் கோடி எண்ணெய்ப் பத்திரக் கடனை அடைக்க வேண்டியிருப்பதால் வரியைக் குறைக்க முடியவில்லை என்று நிதியமைச்சர் சொன்னார். ஒரே வருஷ வசூலில் அந்தக் கடனை இரண்டு தடவை அடைத்துவிட்டு மிச்சத்தில் எங்கள் ஊருக்கு ஒரு நல்ல ரோடும் போட்டிருக்கலாம்.

இதை வாசித்துச் சென்னையில் யாரும் சிரிக்க வேண்டாம். அவர்கள் வரியும் விலையில் இத்தனை சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று இரட்டை மாட்டு வண்டியாக ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அது நிஜம், வருஷத்துக்கு 1,160 கோடி இழப்பு என்று கணக்கும் சொன்னார்கள், நன்றி. அவர்கள் தேர்தல் அறிக்கையில் 5 ரூபாய் என்று இருந்தது. டீசலுக்கு 4 ரூபாயும் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியமும்கூட அதே அறிக்கையில் இருந்தன. அவை அறிக்கையிலேயே பத்திரமாக இருக்கின்றன. ஜி.எஸ்.டி.க்குள் பெட்ரோலைக் கொண்டுவரலாமா என்று 2021 செப்டம்பரில் லக்னோவில் நடந்த ஜி.எஸ்.டி. கூட்டத்தில் பேச்சு வந்தபோது, மாநிலங்கள் கட்சி வித்தியாசம் பார்க்காமல் வேண்டாம் என்று எழுந்துவிட்டன. நாட்டு ஒற்றுமைக்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

கல்வெட்டுக்கு மறுபடி வருகிறோம். 919, 921 என்று பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய அந்த விதிகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக்கூடாது. அவனோடு விடவில்லை. அவன் சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாய்மாமன், சித்தப்பா, அக்காள் தங்கை புருஷன், மருமகன், அப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்குச் சொந்தக்காரர்களைப் பட்டியல் போட்டு, இவர்கள் யாரும் கூடாது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். (அந்தச் சபையில் உட்கார நிலமும் வேதப் படிப்பும் வேண்டும், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வாசலில்கூட இடம் கிடைத்திருக்காது. கல்வெட்டைக் கும்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியையும் படிப்பது நல்லது.) கணக்கு விஷயத்தில் அவர்கள் சொன்னதைத் தங்கள் அமைச்சகத்துக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் பொருத்தினால் தில்லியில் எத்தனை நாற்காலி காலியாகும் என்று நாங்கள் கேட்கவில்லை. மாமன் மச்சான்களையாவது விட்டுவிடலாம்.

சிலிண்டருக்கு வருவோம். 2015-இல் மானியத்தை வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றீர்கள். வசதியானவர்கள் விட்டுக்கொடுங்கள் என்றும் கேட்டீர்கள். சிலர் விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுக்காதவர்களுக்கு 2020 மே மாதத்தில் தாங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு இங்கே சிலர் கணக்கில் 24 ரூபாய் சொச்சம் வந்து விழுந்துகொண்டிருந்தது. அது வந்ததாகக் குறுஞ்செய்தி வந்தால் பெண்கள் போனை எடுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் 1,118.50 ரூபாய். ஆகஸ்டில் ரக்ஷா பந்தன், ஓணத்தை ஒட்டி 200 ரூபாய் குறைத்தீர்கள். 2024 மார்ச் 8 அன்று மகளிர் தினத்துக்கு 100 ரூபாய் குறைத்தீர்கள். தேர்தல் அறிவிப்புக்கு எட்டு நாள் இருந்தது. மகளிர் மேல் அன்பு அந்தத் தேதியில்தான் பொங்க வேண்டும் என்று இருந்தால் நாங்கள் என்ன சொல்வது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றினீர்கள். அதற்கு எந்தப் பண்டிகையையும் சொல்லவில்லை. ஆடிப்பெருக்கு, மாட்டுப் பொங்கல், உத்திரமேரூர்த் தேர் என்று எங்களிடமும் பண்டிகைகள் நிறைய இருக்கின்றன. பட்டியல் வேண்டுமானால் அனுப்புகிறோம்.

இன்னொரு கணக்கு. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். எங்கள் காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத் தொகையை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். மாதம் 1,000 ரூபாய். அந்த மாதம் சென்னை விலையில் சிலிண்டர் 918.50. சென்னை ஒரு கையால் கொடுத்த ஆயிரத்தில் தில்லி இன்னொரு கையால் சிலிண்டரை எடுத்துக்கொண்டால் 81.50 மிச்சம். சிலிண்டரைத் தூக்கி வந்து கூடத்தில் வைக்கிற தம்பிக்கு டீச் செலவுக்குக் கொடுத்தது போக, கையில் நிற்பது ஒரு சுருக்குப் பைக்குள் அடங்கும் சில்லறை. அதனால் எங்கள் வீடுகளில் சிலிண்டர் கூடத்தில் இருக்கும். வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் பின்கட்டில் வேலிக்காத்தான் விறகு எரியும். விருந்தாளி வந்தால் மட்டும் காஸ் பற்றவைப்போம். விறகில்லா அடுப்பு என்று தாங்கள் படம் பிடிக்க வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரவும்.

டீக்கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே 19 கிலோ கமர்சியல் சிலிண்டர், விலை ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மாறும். ஏறும்போது டீ ஏறியது. இறங்கிய மாதங்களில் டீ ஏன் இறங்கவில்லை என்று மாஸ்டரிடம் கேட்டோம். பாலை ஆற்றிக்கொண்டே, "ஏத்துறது உலக மார்க்கெட்டுண்ணா, எறக்குறது நம்ம மனசு" என்றார். அவரைத் தங்கள் அமைச்சகத்தில் ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம். சம்பளம் கேட்க மாட்டார், கல்லாவைக் காட்டவும் மாட்டார்.

குவாரியைச் சொல்லாமல் விட்டால் சாலவாக்கத்தான் எழுதிய கடிதமே ஆகாது. மலையை உடைத்து ஜல்லியாக்கி இரவும் பகலும் டிப்பர்கள் எங்கள் ரோட்டில் சென்னைப் பக்கம் ஓடுகின்றன. புழுதி எங்களுக்கு. ரோட்டுப் பள்ளம் எங்களுக்கு. லிட்டருக்கு டீசலில் 2 ரூபாயும் பெட்ரோலில் 5 ரூபாயும் சாலைக்கென்று தாங்கள் எடுக்கிறீர்கள், அந்தப் பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றுகிறவனும் அதைக் கட்டுகிறான். அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டுகிறவன் ஒரு லோடு ஜல்லி கேட்டால், டீசல் ஏறிவிட்டது என்று சொல்லித்தான் விலையைச் சொல்வார்கள். கண்ணுக்கெதிரே இருக்கிற மலைக்கும் தில்லி விலை.

எத்தனால் விஷயம் இன்னும் அழகு. பெட்ரோலில் இப்போது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். வெளிநாட்டு எண்ணெய் இறக்குமதி குறையும், விவசாயிக்கு வருமானம் என்றீர்கள், சரி. இரு சக்கர வண்டிக்கு மைலேஜ் மூன்று, நான்கு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இலேயே எழுதி வைத்திருக்கிறது. கலப்பு எரிபொருளுக்கு வரிச் சலுகை கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தது. மைலேஜ் பற்றிய வரி பலித்தது, சலுகை பற்றிய வரி பலிக்கவில்லை. எங்கள் வயிற்றெரிச்சல் அரிசியில் இருக்கிறது. 2025-இல் இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள், விலை குவிண்டால் 2,250 ரூபாய். அந்தப் பருவத்தில் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை 2,300. நெல்லை வாங்கி, அரைத்து, உமி தவிடு நீக்கி, மூட்டை கட்டி, கிடங்கில் வைத்துக் காத்து, கடைசியில் நெல்லைவிடக் குறைந்த விலைக்கு அரிசி. எங்கள் ஊர் அரிசி மண்டிக்காரர் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் கடை திறக்கவில்லை. அது எங்கள் நெல்தான் என்று உரிமை கொண்டாட முடியாது, தமிழ்நாட்டு நெல் பெரும்பாலும் தமிழ்நாட்டு ரேஷனுக்கே போகிறது. எந்த மாநிலத்து விவசாயி நட்டதோ, அவனும் அதைத்தான் லிட்டர் கணக்கில் திருப்பி வாங்கி வண்டிக்கு ஊற்றுகிறான்.

கடைசிக் கோரிக்கை இதுதான், இதற்கு மட்டுமாவது பதில் போடவும். டீசலில் லிட்டருக்கு 4 ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு வளர்ச்சி வரி என்று 2021 பட்ஜெட்டில் கொண்டுவந்தீர்கள். பெட்ரோலில் இரண்டரை. எங்கள் டிராக்டர் சம்பாவுக்கும் நவரைக்கும் சொர்ணவாரிக்கும் உழுகிறது. அறுவடை மெஷின் வெளியூரிலிருந்து டிரெய்லரில் ஏறி வந்து இறங்குகிறது. எல்லாம் டீசல். மணி வாடகையோடு அந்த 4 ரூபாயும் எங்கள் தலையில்தான். அறுத்த நெல்லைக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை காலத்தில் காயவைக்க இடம் இல்லாமல் ரோட்டோரம் கொட்டி, தார்ப்பாயைப் போட்டு, மழை விட்டதும் தார்ப்பாயை உருவி, காலால் கிளறி, மேகம் கூடினால் மறுபடி மூடி, ராத்திரி லாரிக்காரன் ஏற்றிவிடாமல் பக்கத்திலேயே கல் வைத்துப் படுத்திருக்கிறோம். 2025 அக்டோபரில் ஈரப்பதத்தை 22 சதவீதமாகத் தளர்த்தும்படி தமிழ்நாடு தில்லியிடம் கேட்டதைத் தாங்களும் அறிந்திருப்பீர்கள். தளர்த்துவது தங்கள் இலாகா இல்லை, தெரியும். ஆனால் 4 ரூபாய் தங்கள் இலாகாவின் பங்கு மெஷினில்தான் விழுகிறது. வேளாண் உள்கட்டமைப்பு என்று அந்த வரிக்குப் பெயர் வைத்தவர், சிமெண்ட் போட்ட ஒரு நெற்களத்தை மனதில் வைத்திருப்பார் என்றுதான் நாங்கள் நம்புகிறோம். மேலே கூரை, ஓரத்தில் தண்ணீர் வடியக் கால்வாய். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எந்தப் புறம்போக்கு என்று அளந்து வைத்திருக்கிறோம். ஜல்லி இங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
சாலவாக்கம் மற்றும் சுற்றுவட்டார லிட்டர்காரர்கள்.

பி.கு.: பங்கில் லிட்டர் என்று கேட்டு நாளாகிவிட்டது, "நூறுக்குப் போடு, ஐம்பதுக்குப் போடு" என்றுதான் கேட்கிறோம். ஆதலால் மேலே 'நூற்றுக்காரர்கள்' என்று திருத்தி வாசிக்கவும். இந்தக் கடிதத்தை 5 ரூபாய் தபால்தலை ஒட்டி அனுப்புகிறோம். எத்தனையோ வருஷமாக அதே 5 ரூபாய்தான். தபால் அட்டை இன்னும் 50 காசு. எப்படித் தப்பித்தது என்று தெரியவில்லை, தாங்கள் தபால் இலாகாவிடம் எதுவும் கேட்டுவிட வேண்டாம்.